அக்கரையை விட ஒரு முழம்

பூவரசந்துறைக்கு ஒரு கடற்கரைச் சதுக்கம் வேண்டும் என்ற எண்ணம் முதலில் சபைத் தலைவர் விநாயகமூர்த்திக்குத்தான் தோன்றியது என்று சதுக்கத்தில் பதித்திருக்கும் கல்வெட்டுச் சொல்கிறது. உண்மையில் அது தோன்றியது இறங்குதுறையடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த நாகபூசணிக்கு. அவளுக்கும் அது எண்ணமாகத் தோன்றவில்லை, வயிற்றெரிச்சலாகத்தான் தோன்றியது.

பூவரசந்துறை ஒரு சின்னத் தீவு. ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து படகில் வரவேண்டும். எதிரே, கூப்பிட்டால் கேட்காது, கையை ஆட்டினால் தெரியும் என்கிற தூரத்தில் ஆவரம்பிட்டி என்று இன்னொரு சின்னத் தீவு. நாகபூசணியின் தமக்கை சறோஜினிதேவி அங்கே கலியாணம் செய்து போனவள். அவளும் அந்தக் கரை இறங்குதுறையில் ஒரு தேத்தண்ணிக்கடை நடத்தினாள். இரண்டு கடைகளும் கிடுகுக் கூரையோடு இருந்த காலம் வரைக்கும் தமக்கையும் தங்கையும் போனில் கதைக்காத நாள் இல்லை.

பிறகு ஆவரம்பிட்டி ஆட்கள் வெளிநாட்டிலுள்ள தங்கள் சனத்தைப் பிடித்து, கடற்கரையில் ஒரு சதுக்கம் கட்டினார்கள். மணிக்கூட்டுக் கோபுரம், சிலை, நீரூற்று, ஒல்லாந்தத் தளபதி ஒருவன் வந்திறங்கிய இடம் என்று எழுதிய பலகை, எல்லாம் வந்தன. சறோஜினிதேவியின் கடைக்கும் ஓட்டுக் கூரை போட்டுப் பெயர்ப்பலகை மாட்டிக் கொடுத்தார்கள். சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்க வருகிற சனம் அங்கிருந்து நேரே ஆவரம்பிட்டிக்குப் படகேறத் தொடங்கியது.

சறோஜினிதேவி கடை வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று படமெடுத்து, தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே குரலும் வந்தது. "எப்பிடியடி இருக்கு?"

நாகபூசணி பதிலுக்கு ஒரு பெருவிரலை அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கேத்திலை அடுப்பில் வைத்த சத்தத்தில், கடை வாங்குப்பலகையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த விநாயகமூர்த்தி நிமிர்ந்தார்.

"என்ன பிள்ளை, அடுப்போடை கோபமோ?"

"இல்லை அண்ணை. உதைப் பாருங்கோ." போனை நீட்டினாள்.

விநாயகமூர்த்தி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி அவர் கண்ணில் படவில்லை. பின்னால் நின்ற மணிக்கூட்டுக் கோபுரம்தான் பட்டது. அவர் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார். மற்ற மிடறு இறங்கவில்லை.

"உவங்களுக்கு எதுக்கு மணிக்கூட்டுக் கோபுரம்?" என்றார். "நேரம் பார்த்துச் செய்யிற வேலை ஏதும் உவங்களிட்டை இருக்கோ?"

அன்று பின்னேரமே சபை கூடியது.

நாகபூசணியின் கணவன் கதிர்காமு, வீட்டு முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவன், விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு முறை வாய் திறந்தான். "உமக்கு உம்மட அக்காவோடை பிரச்சினை எண்டால் அக்காவோடை சண்டை பிடியும். ஊரை ஏன் இழுக்கிறீர்?"

நாகபூசணி அதைக் காதில் போடவில்லை. ஓட்டுக் கூரையும் பெயர்ப்பலகையும் அவள் கண்ணுக்குள் நின்றன.

சபை முதலில் மணிக்கூட்டுக் கோபுரத்தை எடுத்துக்கொண்டது. எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு விவாதமே நடக்கவில்லை. அக்கரைக் கோபுரத்தை விட ஒரு முழம் உயரம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. எங்கள் கோபுரம் எழும்பி முடிந்ததும் அக்கரையார் தங்கள் கோபுரத்தின் தலையில் ஒரு கொடிக்கம்பம் நட்டார்கள். நாங்கள் இடிதாங்கி வைத்தோம். அவர்கள் கொடிக்கம்பத்தின் நுனியில் ஒரு சேவல் வைத்தார்கள். அந்தச் சேவல் தகரத்தால் செய்தது. காற்றுக்குச் சுழன்று அதிக நேரம் பூவரசந்துறைக்குப் பின்புறத்தைத்தான் காட்டிக்கொண்டு நின்றது. இதைக் கண்டித்துச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

கோபுரத்துக்கு நான்கு முகம். நான்கு மணிக்கூட்டையும் ஊரின் நான்கு வெளிநாட்டு ஒன்றியங்கள் அன்பளிப்புச் செய்தன: ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச். ஒவ்வொன்றும் தங்கள் மணிக்கூடு தங்கள் நேரத்தைக் காட்டவேண்டும் என்று விரும்பியது. அதுவும் நியாயம்தானே என்று சபை ஒத்துக்கொண்டது. பிறகுதான் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் ஒரே நேரம் என்பது தெரியவந்தது. அவங்களின் நேரத்தையே நாங்களும் காட்டுவதா என்று பாரிஸ் ஒன்றியம் கொதித்தது. கடைசியில் பாரிஸ் மணிக்கூட்டைக் கொஞ்சம் முந்தி ஓடவிடுவது என்று சமாதானம் ஏற்பட்டது.

நாகபூசணி நாலு பக்கமும் சுற்றி நடந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணை, எங்கட நேரம் எந்தப் பக்கத்திலை இருக்கு?" என்று விநாயகமூர்த்தியைக் கேட்டாள்.

"எங்கட நேரம் எங்களுக்குத் தெரியும்தானே பிள்ளை. அதுக்கேன் ஒரு கோபுரம்?"

ஆனால் படகுக்கு வருகிற சனத்துக்கு வழியில் ஒரு சிக்கல் வந்தது. ஊர்காவற்றுறைக்குப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்து நடையைத் தளர்த்திவிட்டுப் படகைத் தவறவிட்டார்கள். சூரிச் முகத்தை நம்பிய ஒரு மனிசி காலைப் படகுக்கு மத்தியானம் வந்து குந்தியிருந்தாள்.

அடுத்தது சிலை. அக்கரையில் ஒரு பெரியவர் கையை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார். எங்களுக்கும் ஒருவர் வேண்டும். ஆனால் ஆர்? பூவரசந்துறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெற்கே காலியிலோ கண்டியிலோ சுருட்டுக்கடை வைத்து ஊருக்கு ஏதோ செய்த ஒரு பூட்டன் இருந்தார். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பூட்டனின் படத்தைச் சபைக்குக் கொண்டுவந்தது. வாக்கெடுப்பு வைத்தார்கள். எல்லாப் பூட்டனுக்கும் ஒவ்வொரு வாக்கு விழுந்தது. ஆரை வைக்கவே கூடாது என்று இன்னொரு வாக்கெடுப்பு வைத்தார்கள். அதில்தான் முதன்முறையாகப் பெரும்பான்மை கிடைத்தது, எல்லாருக்கும் எதிராக.

பீடம் மட்டும் கட்டப்பட்டது. கறுப்புக் கருங்கல், மினுக்கம். விநாயகமூர்த்தி அதன் முன்னால் நின்று ஒலிவாங்கியில் சொன்னார்: "அக்கரையில் நிற்பது ஒருவருடைய சிலை. இங்கே இருப்பது எவருக்கும் இல்லாத சிலை. ஆகவே இது எல்லோருக்குமான சிலை. எங்கள் பெருந்தன்மையைப் பார்த்து அவர்கள் பொறாமைப்படட்டும். நாங்கள் எவரையும் பார்த்துப் பொறாமைப்படுவதில்லை. பொறாமையில் அவர்கள் எங்களை மிஞ்சிப்போக நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம்."

கைதட்டல் அக்கரை வரைக்கும் கேட்கவேண்டும் என்று ஒலிபெருக்கி கடலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது.

நீரூற்றும் வந்தது. குடிதண்ணீர் மிதவையில் ஏற்றிய பவுசர் லொறியில் வருகிற ஊர் அது. நீரூற்று ஒரு நாள் பாய்ந்ததற்கு ஒரு பவுசர் தண்ணீர் போயிற்று. சனம் வாளியும் பிளாஸ்ரிக் கானுமாய் வந்து சுற்றி நின்றது. சபை அதைத் தடுக்கவில்லை. ஆனால் படமெடுக்கும்போது வாளிகளை மறைத்துப் பிடிக்கும்படி கேட்டுக்கொண்டது.

இவ்வளவு காலமும் நாகபூசணி கடைக்கு ஓடு வரும் என்று காத்திருந்தாள். ஒரு நாள் காலை வரலாற்று உபகுழுவின் தலைவர் பரராசசிங்கம் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வெயிலிலும் கோட்டுப் போடுகிறவர். கையில் அளவுநாடா இருந்தது. ஓடு அளக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் பால்தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

அவர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நாகபூசணி, உம்மட கடை வரலாற்றை மறைக்குது."

"எந்த வரலாற்றை, சேர்?"

"அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறம். அவையள் ஒல்லாந்தர் எண்டு பலகை போட்டவை. நாங்கள் போர்த்துக்கீசர் எண்டு போட்டம், போர்த்துக்கீசர்தானே முந்தி. அவையள் அதை அழிச்சுப்போட்டுச் சீன யாத்திரிகர் எண்டு எழுதிச்சினம். நாங்கள் விடேல்லை. இராவணன் கால் நனைச்ச இடம் எண்டு போட்டம்."

"பிறகு?"

பரராசசிங்கத்தின் முகம் கறுத்தது. "இராவணன்ரை தாய்மாமன் குளிச்ச இடம் எண்டு நேற்று எழுதியிருக்கினம்."

"அதுக்கு என்ரை கடை என்ன செய்தது?"

"அவையளுக்கு வெட்டவெளி இருக்கு. எங்களுக்கும் வெட்டவெளி வேணும். சதுக்கத்துக்குள்ளை நினைவுச்சின்னங்கள் மட்டும்தான் நிக்கலாம் எண்டு சபை முடிவு. கடையை உடைக்கவேண்டி வரும், பிள்ளை. கவலைப்படாதையும். உம்மட தியாகத்தைக் கூட்டத்திலை நான் எடுத்துச் சொல்லுவன்."

அந்தக் கடையில்தான் அவள் சீவியம். கதிர்காமுவின் வலைக்கு மீன் படாத மாதங்களில் அடுப்பெரிந்தது அந்தக் கடையால். எல்லாவற்றையும் விட, உடைத்த கடையின் படம் எப்படியும் அக்கரைக்குப் போய்ச் சேரும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்கா அதைப் பார்ப்பாள். பாவம் என்று சொல்லுவாள்.

"உடைக்க ஏலாது, சேர்," என்றாள். ஏன் ஏலாது என்பது அவளுக்கு அப்போது தெரியாது. கடைக்குப் பின்னால் கிடந்த பழைய கிணறு கண்ணில் பட்டது. "ஊர்காவற்றுறையிலை வெளிநாட்டுக்கு ஆனை ஏத்தின காலத்திலை, கப்பல் இஞ்சை நிண்டுதான் ஆனையளுக்குத் தண்ணி காட்டினவையாம். இந்தக் கிணத்திலை. இந்தக் கடை நிக்கிற இடத்திலைதான் ஆனையளைக் கட்டினவை."

பரராசசிங்கம் கதிரையின் நுனிக்கு வந்தார். "ஆர் சொன்னது?"

"எங்கட ஆக்கள்."

"அக்கரையிலை ஆனை நிண்டதோ?"

"அங்கை ஒரு பூனையும் நிக்கேல்லை, சேர்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி, கோட்டைச் சரிப்படுத்தி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனிசனுடைய கண் கலங்கியிருந்தது. பெண்சாதி செத்தபோதும் கலங்காத கண் அது என்று ஊரில் கதை.

அன்றிரவு நாகபூசணி நிம்மதியாகப் படுத்தாள். மற்ற நாள் போய்ப் பார்க்கிறாள், கடையைச் சுற்றி மஞ்சள் நைலோன் கயிறு. முன்னால் பலகை: யானைத் தரிப்பிடம். தொடவேண்டாம். அடுப்பு மூட்டவேண்டாம்.

"சேர், நான் எங்கை தேத்தண்ணி போடுறது?"

"நினைவுச்சின்னத்துக்குள்ளை ஆர் பிள்ளை தேத்தண்ணி போடுவினம்?" என்றார் பரராசசிங்கம். "நீர் இனிக் கடைக்காரி இல்லை. காப்பாளர். சனம் வந்தால் ஆனையைப் பற்றிச் சொல்லும். ஆனால் ஒண்டு. எத்தினை ஆனை எண்டு கேட்டால் எண்ணிக்கை சொல்லிப்போடாதையும். அவையள் ஒண்டு கூட்டிச் சொல்லுவினம்."

அவள் கயிற்றுக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்தாள். வந்த சனம் தேத்தண்ணி கேட்டது. அவள் ஆனையைச் சொன்னாள். சனம் அடுத்த படகில் அக்கரைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தது.

தமக்கையோடு கதை நின்று மாதக் கணக்காயிற்று. நாகபூசணி காப்பாளர் கதிரையிலிருந்து அக்கரையைப் பார்ப்பாள். ஓட்டுக் கூரை வெயிலில் சிவப்பாகத் தெரியும். வாசலில் ஆள் நிற்பது போலவும் தெரியும். அக்கா தன்னைத்தான் பார்க்கிறாளோ என்று நினைத்து அவள் நிமிர்ந்து இருப்பாள்; ஆளில்லாத கயிற்றுக்குள் யாருக்கோ ஏதோ விளக்குகிறவள் மாதிரிக் கையை ஆட்டுவாள். வீட்டுக்குப் போனால் கதிர்காமு ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டுக் கொடுப்பான். அவன் கேட்காதது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கும்.

திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் முந்தி, அக்கரைச் சதுக்கம் தங்களுடையதை விடப் பெரிது என்று சபையில் ஆரோ போனில் வரைபடத்தைக் காட்டினார்கள். உள்ளே இடமில்லை; ஆகவே கடற்பக்கம் நீட்டுவது என்று முடிவாயிற்று. கல்லும் மண்ணும் கொட்டி, இறங்குதுறைப் படிகளை மூடி, கடலோரம் முழுக்க நெஞ்சுயரத்துக்கு மதில் எழுப்பினார்கள். மதிலுக்கு வெள்ளையும் நீலமும் அடித்தார்கள். வடிவாகத்தான் இருந்தது.

படகு இனி எங்கே அணைவது என்ற கேள்வி ஊரில் எல்லார் வாயிலும் நின்றது. ஒருவரும் வெளியே விடவில்லை. விட்டால் அக்கரைக்குத் தெரிந்துவிடும். சனம் சத்தமில்லாமல் தீவின் பின்பக்கம் போய், முழங்காலளவு சேற்றில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியது. கடைசியில் சபைக் கூட்டத்தில் அதைக் கேட்டது நாகபூசணிதான். கடை இல்லாதவளுக்குப் பயமும் குறைவு.

"அண்ணை, படகு எங்கை கட்டுறது?"

விநாயகமூர்த்தி எழும்பினார்.

"நல்ல கேள்வி. படகு என்பது போக்குவரத்து. சதுக்கம் என்பது பண்பாடு. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. எங்கள் முன்னோர் படகுக்காகவா கடற்கரைக்கு வந்தார்கள்?"

"ஓம்," என்றாள் நாகபூசணி.

அந்த ஓம் கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பிரதம விருந்தினராக வந்தார். வெள்ளை உடுப்பு, காலில் வெள்ளைச் சப்பாத்து, தனிப் படகு. நாதஸ்வரமும் தவிலும் முழங்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடிக்க, படகு நீல மதிலடிக்கு வந்து நின்றது. கடல் வத்திக் கிடந்த நேரம். படகு கீழே கிடந்தது, மதில் மேலே நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆளுயரம்.

பின்பக்கச் சேற்றால் கூட்டிவரலாம் என்று ஆரோ மெல்லச் சொன்னார்கள். "வெள்ளைச் சப்பாத்து," என்று விநாயகமூர்த்தி பல்லைக் கடித்தார். ஆரூரன் என்ற மேசன் சாந்து பூசுகிற ஏணியைக் கொண்டுவந்து இறக்கினான். அதிகாரி ஏணியைப் பார்த்தார். ஏணியில் காய்ந்திருந்த சீமெந்தைப் பார்த்தார். அலையில் படகு ஆட, ஏணியும் ஆடியது.

"ஐயா, ஒரு காலை மட்டும் இதிலை வையுங்கோ," என்று விநாயகமூர்த்தி மதிலில் வயிற்றால் படுத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். "மற்றக் காலை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்!"

அதிகாரி மற்றக் காலைப் பற்றி யோசித்தார். படகுக்காரனிடம் ஏதோ சொன்னார். படகு அக்கரைப் பக்கம் திரும்பியது.

ஆவரம்பிட்டிச் சபைத் தலைவர் பாலசிங்கம் அன்று விடிய முதலே தொலைநோக்கியோடு தங்கள் கரையில் நின்றிருக்கிறார். எங்கள் விழா எப்படிக் குழம்பும் என்று பார்க்க வந்தவர், மாலையும் கொண்டுதான் வந்திருந்தார். படகு திரும்பியதைக் கண்டதும் தங்கள் படியில் இறங்கி, அதிகாரிக்குக் கை கொடுத்து ஏற்றி, மாலையைப் போட்டுவிட்டார். ஏற்றிய பிறகுதான், அங்கே திறந்துவைக்க ஒன்றுமே மிச்சமில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. எல்லாம் போன வருடமே திறந்தாயிற்று. அதிகாரியோ கையோடு கொண்டுவந்த கத்தரிக்கோலோடு நின்றார். பாலசிங்கம் நாலு பக்கமும் பார்த்தார். சறோஜினிதேவியின் கடைக்கு முதல் நாள்தான் ஒரு புது ஐஸ்கிறீம் பெட்டி வந்திருந்தது. அதற்கு நாடா கட்டினார்கள்.

இது முழுதும் இக்கரையில் தெரிந்தது. ஒலிபெருக்கிப் பேச்சு காற்றில் விட்டுவிட்டு வந்தது. "...தீவக மக்களின் நீண்டநாள் கனவு..." என்று அதிகாரி சொன்னது கேட்டது. பிறகு அவர் ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியைத் திறந்தார். கைதட்டல்.

நாகபூசணி மதிலடியில் நின்று அதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவுக்கு மேல் எரிய வயிற்றில் இடமில்லை என்பது போல ஒரு வெறுமைதான் வந்தது. திரும்பிப் பார்த்தால், கொடி பிடித்த பிள்ளைகள் வெயிலில் வாடிப்போய் நிலத்தில் குந்தியிருந்தார்கள். தவில்காரன் தோளைத் தடவிக்கொண்டிருந்தான். விநாயகமூர்த்தி வெறும் பீடத்தின் விளிம்பில் இருந்து, எழுதி வந்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு, தொண்டை காய்ந்து இருமினார்.

அவள் போய் மஞ்சள் கயிற்றை அவிழ்த்தாள். அடுப்பை மூட்டினாள். கேத்திலை வைத்தாள்.

பரராசசிங்கம் ஓடிவந்தார். "நாகபூசணி! நினைவுச்சின்னத்துக்குள்ளை அடுப்பு மூட்ட ஏலாது!"

"ஆனைக்கே தண்ணி குடுத்த இடம் எண்டு நீங்கள்தானே சேர் எழுதினீங்கள்? இந்தப் பிள்ளையளுக்கும் குடுப்பம். விலகுங்கோ, நெருப்பு."

அவர் விலகினார். கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கோப்பை கழுவ நின்றார். பிள்ளைகள் குடித்தார்கள். தவில்காரன் குடித்தான். விநாயகமூர்த்தி இரண்டு கோப்பை குடித்தார், மிடறு இறங்கியது. குடித்த இடத்திலேயே, வாங்குகளில் இருந்தபடியே, சபை அவசரமாகக் கூடியது. மதிலின் நடுவில் ஒரு வாசல் உடைத்துப் படி கட்டுவது என்று தீர்மானமாயிற்று. அது இறங்குதுறை அல்ல, கடல்வாயில் என்று பெயரிடப்பட்டது. அக்கரையில் இருப்பது வெறும் இறங்குதுறை; அவர்களிடம் கடல்வாயில் இல்லை. யானைத் தரிப்பிடத்தில் தேத்தண்ணி போடுவது தொன்றுதொட்டு வரும் மரபு என்றும் அதே மூச்சில் தீர்மானித்தார்கள். எல்லாருக்கும் முகம் தெளிந்தது.

சனம் கலைந்த பிறகு போன் அடித்தது. சறோஜினிதேவி. நாகபூசணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு எடுத்தாள்.

"நாகு."

"ம்."

"உங்கட பிரதம விருந்தினர் எங்கட கடையிலைதானடி தேத்தண்ணி குடிச்சவர்."

"கண்டனான்."

கடல் இரைச்சல் போனுக்குள்ளும் வெளியிலும் ஒன்றாகவே கேட்டது.

"நல்லாயிருக்கெண்டு சொன்னவரோ?" என்று நாகபூசணி கேட்டாள். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள்.

சறோஜினிதேவி கோப்பை ஒன்றைக் கழுவி வைக்கிற சத்தம் போனில் கேட்டது.

"எங்கையடி," என்றாள் பிறகு. "ஒரு வாய் வைச்சிட்டு, தேயிலைச் சாயம் காணாதெண்டு அப்பிடியே வைச்சிட்டுப் போட்டார்."

நாகபூசணிக்கு அது பொய் என்று தெரியும். அக்கா போட்ட தேத்தண்ணியை மிச்சம் வைத்த மனிசர் இந்தத் தீவுகளில் பிறக்கவில்லை. ஆனாலும் அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, காலை நீட்டி இருந்துகொண்டாள்.

"எத்தினை கரண்டி போட்டனீ?" என்று கேட்டாள். "சொல்லு, விபரமாச் சொல்லு."